அடுத்த விரல்

குருவம்மாளுக்கு நாரணாபுரம் ரோட்டு அச்சாபீசில் பாரம், அதாவது அச்சடித்த பெரிய தாள், மடிக்கிற வேலை. ஒரே தாளில் பதினாறு பக்கமும் தலைகீழாக, தாறுமாறாக அச்சாகி வரும். மடித்தால்தான் வரிசைக்கு வரும். வெளிநாட்டில் பெண்கள் போராடி ஓட்டுரிமை வாங்கின கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் படப்புத்தகம் ஒன்று ஆர்டரில் ஓடியபோது, கழிவில் கிடந்த தாளை மகள் சினேகாவுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

வார்டு தேர்தலன்று காலையில் அந்த மூன்றாம் வகுப்புக்காரி தாளை விரித்துப்போட்டுப் படித்தாள்.

"யம்மா, மொதப் படத்துல பொம்பளைக ஓட்டுப் போடுதாக. அடுத்ததுல போலீசு முடியப் பிடிச்சு இழுக்கான். அதுக்கடுத்து ஜெயில்ல வச்சு மூக்குல குழாயச் சொருகுதாக. ஓட்டுப் போட்டா அடிப்பாகளா?"

"மடிக்காமப் படிச்சா அப்படித்தான்ட்டி. அடி வாங்குனது மொதல்ல. ஓட்டு கடைசில."

மடித்துக் காட்டப் போனவளின் முன்னால் புருஷன் வெள்ளைத்துரை வந்து நின்றான். பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் சங்கையா தேர்தலில் நிற்கிறார். வீட்டு ஓட்டு இரண்டும் அவருக்கே என்று இவன் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான். எதிர்த்து நிற்பவள் வேலுத்தாய். போன வருஷம் அளவுக்கு மீறி வெடிமருந்து வைக்கச் சொன்னது சங்கையா. கருகிச் செத்தது குருவம்மாளின் தங்கை. கம்பெனி வாசலில் பிணத்தோடு உட்கார்ந்து நியாயம் கேட்டது வேலுத்தாய் மட்டும்தான்.

"யாருக்குப் போடப் போற?"

இத்தனை வருஷமும் அவன் சொன்ன சின்னத்தில்தான் குத்தியிருக்கிறாள். இன்றைக்குப் பொய் சொல்லிவிட்டு மாற்றிக் குத்தினால் யாருக்குத் தெரியும்? ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வேலுத்தாய்க்கு."

விட்ட அறையில் உதடு கிழிந்தது. முடியைப் பிடித்து அம்மி வரைக்கும் இழுத்துப் போனான். அவளுடைய இடது கையைக் கல்லில் வைத்து அழுத்தினான்.

"இந்த வெரல்லதான மை வப்பாக? வெரலே இல்லைன்னா எவன் ஓட்டுப் போட விடுவான்?"

குழவியைத் தூக்கி ஆள்காட்டி விரலின் மேல் போட்டான். எலும்பு நொறுங்கியது. நகம் பெயர்ந்து கல்லில் ஒட்டிக்கொண்டது. அந்த மகா மேதை கையைக் கழுவிவிட்டு, சங்கையாவுக்கு ஓட்டுக் கேட்கக் கிளம்பிப் போனான்.

குருவம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு துணியைச் சுற்றினாள். படுத்துவிடலாம் போலிருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சினேகா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அடி முடிஞ்சிருச்சாம்மா? இனிமே ஓட்டா?"

குருவம்மாள் எழுந்துவிட்டாள்.

சாவடியில், "இடது கையை நீட்டுங்க" என்ற அலுவலர் துணி விலகியதும் திடுக்கிட்டார். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போம்மா."

"மைய வைங்க சார். போறேன்."

அவர் அடுத்த விரலில் மை வைத்தார். சீட்டில் ரத்தம் சொட்டிவிடாமல் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வேலுத்தாயின் சின்னத்தில் அழுத்திக் குத்தினாள்.

வாசலுக்கு வெளியே சங்கையாவின் ஆட்களோடு வெள்ளைத்துரை நின்றான். குருவம்மாள் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னும் ஒம்பது கெடக்குலே! எத நசுக்கப் போற?"

காவலுக்கு நின்ற பெண் போலீஸ் திரும்பினாள். கூட்டத்துக்குள் நழுவப் பார்த்த புருஷனின் சட்டையை, மை காயாத அந்தக் கையாலேயே குருவம்மாள் எட்டிப் பிடித்தாள்.

"யம்மா, இவன்தான்" என்றாள் அந்தப் போலீஸிடம்.