படுத்த படம்

நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கை வைத்த தேக்கு நாற்காலி, பக்கத்துத் தோட்டத்து வீட்டில் கேட்டு வாங்கி வந்தது. வாசல் பந்தலின் நடுவில் அதைப் போட்டு, பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார் செங்கோட்டையன். நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவதற்கு ஒரு துண்டும் கைப்பிடியில் தயாராகக் கிடந்தது. தம்பி மனைவி சௌந்திரத்தை அதில் உட்கார வைத்து, குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குளிப்பாட்டு.

சௌந்திரம் விடிவதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். மஞ்சள் காமாலை. பாயில் கண்மூடிக் கிடந்தாள்.

"தூக்குங்கப்பா," என்றார் செங்கோட்டையன்.

"வேண்டாங்க பெரியப்பா." தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் பூங்கோதைதான் சொன்னாள். "அம்மாவ உக்கார வெக்க வேண்டாம். படுத்தமானைக்கே எடுக்கட்டும்."

தூக்க வந்த இருவரும் பாதி குனிந்தபடி நின்றார்கள்.

செத்தவரை உட்கார வைத்துப் படம் எடுப்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. உயிரோடு இருக்கும்போது ஸ்டுடியோ வாசலை மிதிக்காதவருக்குக்கூடச் செத்த அன்று போட்டோ உண்டு. திருச்செங்கோட்டு ஸ்டுடியோக்காரர் கண்ணுசாமி வந்து எடுத்துப் போவார். பிறகு பிரிண்டின் மேல் மெல்லிய தூரிகையால் மூடிய கண்களைத் திறந்து வைப்பார். கருவிழி, வெள்ளை, ஒரு பொட்டு வெளிச்சம். வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் மாட்டினால் ஆள் நம்மையே பார்ப்பது போலிருக்கும். பூங்கோதையின் தாத்தாவும் அப்படித்தான் ஆசாரத்தில் இருக்கிறார். அம்மை வார்த்து ஒரு கண் போனவர் அவர். கண்ணுசாமிக்கு அது தெரியாது. இரண்டையும் திறந்துவிட்டார். கருமாதி அன்று படத்தைப் பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் மாலை போட்டாகிவிட்டது.

இந்தப் படங்களைத்தான் பூங்கோதை படித்துக்கொண்டிருந்தாள். பரோடாவில் முதுகலை, கடைசி வருடம். படம் போடுவது, அடுத்தவர் போட்டதைப் பற்றி விமர்சனம் எழுதுவது, எதை எதற்குப் பக்கத்தில், எந்த உயரத்தில், எந்த வெளிச்சத்தில் வைத்தால் பார்க்கிறவன் நின்று பார்ப்பான் என்று தீர்மானிப்பது, இவ்வளவும் படிப்பு. ஊரில் "படம் படிக்கறா" என்றார்கள். சினிமாவில் சேர்ந்துவிட்டாள் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவளும் இப்போதெல்லாம் ஆமாம் என்றே சொல்லிவிடுகிறாள்.

இறுதித் தேர்வுக்கு அவளே ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். செத்தவர்களின் படங்களை வைக்கிறேன் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு ஊருக்கு வந்திருந்தாள். கண்ணுசாமியிடம் வாங்கிய பழைய பிரிண்டுகளை ஒரு மத்தியானம் ஆசாரத்துத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். அப்போதே கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது.

"ஏஞ்சாமி, பூராப் பேரும் முழிச்சுட்டே இருக்கறாங்க?"

"கண்ண எழுதிப்போடறாங்கம்மா."

சௌந்திரம் நிமிர்ந்து மாமனார் படத்தைப் பார்த்தாள். "மாமனுக்குச் செத்தப்பறந்தான் ரெண்டு கண்ணும் தெரியுது. அதுக்குப் பயந்துட்டுத்தான் நான் அடுப்படிய உட்டு வெளிய வாரதில்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா துவரையில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "என்னைய உக்கார வெச்சுறாத கண்ணு. உசுரோட இருக்கையில ஒருநாளும் பகல்ல படுத்ததில்ல. செத்தும் எந்திரிச்சு உக்காரோணுமா? நான் படுத்துக்கறன். கண்ணையும் தொறக்க வேண்டாம்னு சொல்லிப்போடு."

விளையாட்டுப் பேச்சு போலத்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டு, கல் பொறுக்காமல் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சரிம்மா," என்றாள் பூங்கோதை.

அப்பா மருதாசலத்துக்கு ரிக் லாரி. போர்வெல் போடப் போன வண்டி எந்த நேரத்தில் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. வந்து நின்றால் வண்டி ஆட்கள் அத்தனை பேருக்கும் சோறு வேண்டும். சௌந்திரத்தின் பகல் அப்படித்தான் போனது.

இப்போது செங்கோட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எழவூட்டுல வந்து சட்டம் பேசறயா? படுத்த படத்த எவனாச்சும் ஆசாரத்துல மாட்டுவானா? அநாதப் பொணத்தப் போலீசுக்காரன் எடுத்தாப்பல இருக்கும். ஒறம்பரைச் சனம் காறித் துப்பும்."

"அம்மா சொன்னதுங்க பெரியப்பா. உக்கார வெக்காதன்னு எங்கிட்டச் சொன்னாங்க."

"செத்தவ சொன்னான்னு ஆருக்குத் தெரியும்?"

"நான் சொல்றனுங்க."

"வடக்க போயிப் படிச்சது இதுக்குத்தானா? தூக்குங்கடா."

இரண்டு பேரும் சௌந்திரத்தின் தோளுக்கடியில் கை கொடுத்தார்கள். தலை ஒருபக்கமாகச் சரிந்தது. அந்தச் சரிவைப் பார்த்ததும் பூங்கோதை சட்டென்று எழுந்தாள். நாலு எட்டில் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒப்பாரி நின்றது.

"அய்யோ, பொணத்துக்குப் போட்ட நாற்காலியில உக்காந்துட்டாளே!" என்று யாரோ ஒரு பொம்பளை கத்தினாள். பெரியவர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருக்க, கல்யாணமாகாத பெண், தலையை விரித்துப் போட்டபடி, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருப்பதாக இல்லை.

"பெரியப்பா, உங்களையே கேக்கறனுங்க. எங்கம்மா இந்த ஊட்டுல ஒரு நா, ஒரே ஒரு நா, பகல்ல படுத்து நீங்க பாத்திருக்கறீங்களா?"

செங்கோட்டையன் தோள் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

சௌந்திரத்தின் தங்கை செல்லாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாம் பாத்ததில்ல. காமாலை வந்தும் உக்காந்துட்டேதான் இருந்தா எங்கக்கா."

மருதாசலம் பந்தல் காலில் சாய்ந்து நின்றிருந்தார். மெதுவாக மகளிடம் வந்தார்.

"எந்திரி சாமி."

"மாட்டனுங்கப்பா. நான் எந்திரிச்சா அம்மாவ உக்கார வெச்சுருவாங்க."

அவர் மகளைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்ச் சௌந்திரத்தின் சரிந்த தலையை நேராக்கிப் பாயில் வைத்துவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வெறுந்தரையில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஸ்டுடியோக்காரரே, இப்பிடியே எடுங்க."

கண்ணுசாமி கழுத்தில் தொங்கிய கேமராவைப் பிடித்தபடி தயங்கினார். "படுத்தமானைக்கு எடுத்தா அப்பறம் கண்ணு எழுத வராதுங்களே."

"எழுத வேண்டாங்கண்ணா," என்றாள் பூங்கோதை.

கண்ணுசாமி நாற்காலியைப் பார்த்தார். "அப்ப நீங்க எந்திரிங்க அம்மிணி. கீழ நின்னு எடுத்தா மூக்குத் தொளைதான் தெரியும். நாற்காலி மேல ஏறி எடுத்தாத்தான் மொகம் வரும்."

அப்போதுதான் அவள் எழுந்தாள். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள். பின்னால் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து எறிந்தாள். நிற்கிறவர்களின் நிழல் அம்மாவின் முகத்தில் விழுந்தது. "எல்லாருங் கீழ உக்காருங்க. சின்னம்மா, இன்னுங் கொஞ்சம் இக்கட்டால வாங்க, வெளிச்சம் மறைக்குது." அப்பா உட்கார்ந்துவிட்ட பிறகு மற்றவர்களால் நிற்க முடியவில்லை. ஒவ்வொருவராகச் சம்மணம் போட்டார்கள். அழுகை வந்தது. அழ ஆரம்பித்தால் எழுந்து எல்லாரும் அவளைத் தேற்ற வந்துவிடுவார்கள், எடுத்த காரியம் கெட்டுவிடும் என்று அதைப் பிறகுக்கு வைத்துக்கொண்டாள்.

செங்கோட்டையன் மட்டும் உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார்.

கருமாதிக்கு முந்தின நாள் கண்ணுசாமி படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். படத்தின் நடு, நிற்கிற மனிதனின் கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்பது பரோடாவில் முதல் பாடம். நிற்கிற மனிதன் யார் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. பூங்கோதை சுத்தியலை எடுத்து ஆசாரத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில் ஆணி அடித்தாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா தட்டோடு வந்து சாய்ந்து உட்காரும் இடம் அது. எதிர்ச்சுவரில் தாத்தா இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருமாதிச் சாப்பாடு முடிந்து ஒறம்பரை கலைந்த பிறகு செங்கோட்டையன் அந்தப் படத்தின் முன்னால் வந்து நின்றார். கண்ணாடியில் வாசல் வெளிச்சமும் அவருடைய வேட்டியுந்தான் தெரிந்தன. குனிந்து பார்த்தார். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. சுற்றிலும் ஒருதரம் பார்த்துவிட்டு, சுவரில் கை ஊன்றி, மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

சட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்தபடி, திண்ணையில் உட்கார்ந்திருந்த தம்பியைக் கேட்டார்.

"மருதாசலம், இங்க ஓரத்துல ரெண்டு காலு மட்டும் நிக்குதே. ஆருதுடா அது?"

"உங்கதுதானுங்கண்ணா."

செங்கோட்டையன் 'ம்' என்றார். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "பூங்கோதை, பெரியப்பனுக்கு ஒரு வாய் காப்பி கொண்டா சாமி."

உள்ளறையில் அம்மாவின் பாயை விரித்துப் பூங்கோதை படுத்திருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. அவள் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

"அவ படுத்திருக்கறாளுங்கண்ணா," என்றது அப்பாவின் குரல்.

பிறகு அப்பா எழுந்து அடுப்படிக்குப் போனார். தீப்பெட்டி எங்கே இருக்கும் என்று தெரியாமல், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.