பெட்டிக்குள் கல்தூள்

கம்ப்யூட்டர் மறுபடியும் பட்டென்று அணைந்தது. பக்கத்து அறையில் புருஷனின் இருமல் மட்டும் நின்றபாடில்லை. கல் அறுக்கும் பட்டறையில் வேலை அவனுக்கு. ஒரு மாதமாக இந்த இருமல். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் தண்ணீர் குடித்தால் போய்விடும் என்பான். அறுக்கிற கல்லைவிட அவன் மண்டை கெட்டி.

வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை பார்ப்பவள் அவள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தம்பியைப் போனில் பிடித்தாள். வயர் ஆடுகிறதா, வைரஸ் ஏதும் காட்டுகிறதா என்று குடைந்துவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டிமேல் கை வைத்துப் பார்க்கச் சொன்னான். இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது.

"சூடு தாங்காம அதுவே அணைஞ்சுக்குதுக்கா. பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைக் கழட்டு. கடிக்காது."

கழற்றினாள். உள்ளேயிருந்த ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவே சந்தே இல்லை. சாம்பல் நிறத்தில் மாவு அப்பிக் கிடந்தது. சுரண்டினால் நகத்தில் நறநறத்தது. வீட்டுத் தூசி பஞ்சுபோல வரும். இது கல். வேலை முடிந்து வந்ததும் புருஷன் சட்டையைக் கழற்றி உதறுவது இந்த மேசையோரம்தான்.

பெட்டி வாங்கி எவ்வளவு நாளாச்சு என்று தம்பி கேட்டான். ஒரு வருஷம் என்றாள். சட்டையிலிருந்து உதிர்ந்ததே இவ்வளவு. புருஷனோ கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த மிஷினுக்கு நேராக மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறவன்.

போனை வைத்துவிட்டு, திறந்த பெட்டியை அப்படியே தூக்கிப்போய், புருஷன் படுத்திருந்த கட்டிலில் வைத்தாள்.

"என்னடி, பிள்ளையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றே?" என்று சிரித்தான்.

"கையை விட்டுப் பாருங்க."

விட்டான். தூளைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தான். எந்தக் கல் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்கும். சிரிப்பு போய்விட்டது. எழுந்த இருமலை வாய்க்குள்ளேயே அமுக்கினான். கண்ணில் நீர் கோத்தது.

"இது சட்டையில இருந்து விழுந்தது. உள்ள போனது எவ்வளவோ?" என்றாள்.

அவன் விரலில் ஒட்டிய தூளைத் துடைத்துக்கொண்டான்.

"என் மிஷின்ல எனக்கு முன்னாடி நின்ன ஆளுக்கும் இருமல்லதான் ஆரம்பிச்சுது. அந்தாளு இப்ப இல்ல. பயந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கேன்."

அவனைச் சம்மதிக்க வைக்க நிறையப் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்திருந்தாள். அதற்கு இப்போது வேலையில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, துவைத்த சட்டை ஒன்றை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டாள். பட்டன் துளை பிடிபடவில்லை. இரண்டாவது தடவை அவனும் கை கொடுத்தான்.