ஆத்தோரத்தோப்பு யார் பேரில்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் அதைப் பயன்படுத்துகிறவர் பேரில் இருந்ததில்லை. டிராக்டர் ஓட்டுவது என் கணவர் சம்பத். ஆனால் அது அவருடைய தம்பி ஹரிபிரசாத் பேரில் இருக்கிறது. அவனுக்கு டிராக்டரை ஸ்டார்ட் பண்ணக்கூடத் தெரியாது. நான் ஓட்டுகிற ஸ்கூட்டி என் மாமியார் பேரில். அவர் இன்றுவரை அதன்மேல் உட்கார்ந்தது இல்லை. எதை வாங்கினாலும் முதலில் நகரி ஜோசியரிடம் போய், அந்த வருஷம் வீட்டில் யாருக்கு ராசி நன்றாக இருக்கிறது என்று கேட்டு வந்து, அவர் பேரில்தான் எழுதுவார்கள். பதினேழு வருஷத்தில் என் முறை ஒரு தடவைகூட வரவில்லை. தாட்சாயணியின் ராசி நடுத்தரமாம். கெடுக்கவும் கெடுக்காது, கொடுக்கவும் கொடுக்காது.

பிச்சாட்டூர் அணைக்குக் கீழே, ஆரணியாற்றை ஒட்டி எங்களுக்கு ஒன்பது ஏக்கர் மாந்தோப்பு. மண்டிக்காரன் சொன்ன விலைக்குத் தலையாட்டிக்கொண்டு காய் கொடுத்தது போதும், சென்னைக்கு நேராகப் பெட்டி அனுப்பலாம் என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான்தான் சொன்னேன். 'ஆத்தோரத்தோப்பு' என்று பெயர் வைத்ததும் நான்தான். ஒரு வெப்சைட் வேண்டும், அதற்கு அந்தப் பெயரை ஏதாவது ஒரு கம்பெனியில் பதிவு செய்ய வேண்டும் என்றதும் மாமியார் நகரிக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வருஷம் ராசி கலைவாணிக்கு. ஹரிபிரசாத்துக்குக் கல்யாணமாகி அவள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவள் வந்த மாதமே எழுநூறு அடி போர்வெல்லில் தண்ணீர் கொட்டியது. மகாலட்சுமி வந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் மாமியார். சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, கலைவாணி கையில் போனைக் கொடுத்து, அவள் விரலாலேயே பட்டனை அழுத்த வைத்தார்கள். பேர் அவளுடையது, போன் நம்பர் அவளுடையது, மெயில் அவளுடையது. கம்பெனியைப் பற்றி ஒருத்தரும் விசாரிக்கவில்லை. கிரிக்கெட்டுக்கு நடுவில் விளம்பரம் வந்த கம்பெனி, அவ்வளவுதான். ஐந்து நல்ல எண் என்று ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டு எல்லோரும் பாயசம் சாப்பிட்டோம்.

மூன்றாம் வருஷம் ஏப்ரலில் ஆலங்கட்டி மழை பெய்து பாதிக் காயைக் கீழே தள்ளியது. அதற்குள் கலைவாணிக்கு இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்கு அவள் காரணம் என்றால் வானத்திலிருந்து ஐஸ் விழுந்ததற்கும் அவள்தானே காரணமாக வேண்டும். மாமியார் வாய் ஓயவில்லை. ஹரிபிரசாத் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் அவள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கியபோது நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தேன். "அக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். நானும் வாய் திறக்கவில்லை. பிறகு புத்தூர் கோர்ட்டில் விவாகரத்தும் முடிந்தது.

இந்த மார்ச்சில் ஒரு காலை, வருஷா வருஷம் எங்களிடம் பெட்டி வாங்குகிற ரேஷ்மா என்கிற பெண் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"மேடம், உங்க சைட்ட திறந்தா இந்தப் பேர் காலாவதி ஆயிடுச்சுன்னு வருது. கடைய மூடிட்டீங்களா?"

இரண்டாயிரம் அட்டைப்பெட்டி அச்சடித்து வந்து கூடத்தில் அடுக்கியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் அந்த முகவரி. தோப்பில் காய் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, ஒரு பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: கலைவாணி மேடம் தன் மெயிலிலிருந்து கேட்டால்தான் எதுவும் செய்ய முடியும். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பெயர் படிப்படியாகச் சந்தைக்குப் போய்விடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அன்று மத்தியானம் வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"அந்தப் பேரே வாணாம். அவ கை பட்டது," என்றார் மாமியார்.

"ரெண்டாயிரம் பொட்டி இருக்குது அத்த. அதுல பட்டதெல்லாம் என் கைதான்," என்றேன்.

"வேற கம்பெனில அதே பேர வாங்கிடு," என்றான் ஹரிபிரசாத், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

நிலம் ஒருத்தர் பேரில் இருக்கும்போது வேறு ஊர் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனால் நம் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்களா என்று கேட்டேன். அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க ஓடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த ஓட்டத்துக்கு எப்போதும் என்னைத்தான் அனுப்புவார்கள். திருப்பதியில் இந்த மாதிரிப் பெயர்களைப் பதிவு செய்து கொடுக்கிற ஓர் ஆளை சம்பத் விசாரித்து வைத்திருந்தார். கம்பெனி எதுவானாலும் எதிரில் போய் உட்கார்ந்து பேச ஒரு முகம் வேண்டும் என்பது அவர் கட்சி.

மறுநாள் திருப்பதிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். கிஷோர் என்கிற அந்த ஆள் தெலுங்கும் தமிழும் கலந்து நன்றாகப் பேசினான். காபி வாங்கிக் கொடுத்தான். பெயர் சந்தைக்கு வருகிற நிமிஷத்தில் பிடித்துவிடலாம், பர்வாலேது மேடம், கவலைப்படாதீங்க என்றான்.

"வேற யாராவது முந்திக்கினா?"

"சான்ஸ்தான் மேடம். ட்ரை பண்ணுவோம்."

"கிடைச்சா யார் பேர்ல வரும்?"

"எங்க ஆபீஸ் பேர்ல. வருஷா வருஷம் நாங்களே பாத்துக்குவோம். உங்களுக்கு எதுக்கு மேடம் தலைவலி?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் மேல் அல்ல. இதே வாக்கியத்தை டிராக்டர் வாங்கும்போது கேட்டிருக்கிறேன், ஸ்கூட்டி வாங்கும்போது கேட்டிருக்கிறேன். எனக்குத் தலைவலி வரக்கூடாது என்பதில் இந்த உலகத்துக்கு இருக்கும் அக்கறை கொஞ்சநஞ்சம் அல்ல. காபிக்கு நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

கலைவாணி ரேணிகுண்டாவில் செல்போன் பாகங்கள் செய்கிற ஒரு ஃபேக்டரியில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ரேணிகுண்டா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அவளுக்கு எழுதலாம் என்று வாட்ஸ்அப்பில் அவள் பேரைத் தேடினேன். ஜனவரியில் வந்த மூன்று செய்திகள் திறக்காமலே இருந்தன. கடைசியாக வந்தது மட்டும் மேலே தெரிந்தது: 'அக்கா, பேச முடியுமா?'

அது வந்த அன்றே பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். நகையைக் கேட்பாள், இல்லை யாரிடமாவது தூது சொல்லச் சொல்வாள் என்று நினைத்தேன். திறந்தால் நீல டிக் விழும். விழுந்தால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் மாமியார் காதுக்குப் போகும். திறக்காமலே விட்டுவிட்டேன். இப்போது மற்ற இரண்டையும் திறந்தேன். 'அக்கா, வெப்சைட் மார்ச்சில முடியுதுன்னு எனக்கு மெயில் வந்துக்கினு இருக்குது.' 'ஹரி என் நம்பர பிளாக் பண்ணிட்டாரு. நீயாவது பாரு.' பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அழுதேன். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. பிறகு, ரேணிகுண்டாவுக்கு வந்துகொண்டிருக்கிறேன், பார்க்கலாமா என்று அவளுக்கு எழுதினேன்.

ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு, ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நன்றாக இருந்தது.

"துன்னியாக்கா?" என்று கேட்டாள் முதலில்.

"இல்ல."

இரண்டு தட்டு இட்லி சொன்னாள். நான் ஒத்திகை பார்த்து வந்த எதுவும் வாயில் வரவில்லை. "உன் மெசேஜ அன்னிக்கே பாத்தேன் கலை. வேணும்னேதான் திறக்கல," என்றேன்.

"தெரியும்," என்றாள். "உன் மேல கோவமில்லன்னு பொய் சொல்ல மாட்டேன். கோவந்தான். பேரு போவட்டும்னு விட்டுடலாம்னு கூட ஒரு வாரம் நெனச்சேன்."

"அப்புறம் ஏன் மெசேஜ் போட்ட?"

"அந்தத் தோப்பு போட்டோ எல்லாம் நீ எடுத்தது. வெயில்ல ஏணி போட்டு நின்னுக்கினு எடுத்த. நான்தான் ஏணிய புடிச்சேன். அது போவலாமா?"

சட்னியைத் தொட்டுக்கொண்டே தன் போனைத் திறந்தாள். பத்து நிமிஷத்தில் என் கார்டைப் போட்டு அந்தப் பெயரை மீட்டுவிட்டாள். ஒரு வீட்டின் அத்தனை கவலையும் இரண்டு இட்லி தின்னும் நேரத்தில் தீர்ந்துவிட்டது. இத்தனை நாளும் அதற்குத் தேவைப்பட்டது நான் ஒரு செய்தியைத் திறப்பது மட்டும்தான்.

"இனிமே இது என் மெயில்ல இருக்க வாணாங்க்கா. வேற கம்பெனிக்கு எடுத்துக்கினு போயிடு. மாத்தறதுக்கு ஒரு ரகசிய கோடு நம்பர் வேணும், நான் தரேன். எந்தக் கம்பெனி?"

நான் ஒரு காகிதத்தில் மூன்று கம்பெனிப் பேர் குறித்து வைத்திருந்தேன். மாப்பிள்ளை பார்ப்பதுபோலத்தான் இருவரும் பார்த்தோம். முதல் கம்பெனி ஒரு வருஷம் கொஞ்சிவிட்டு அடுத்த வருஷத்திலிருந்து மூன்று மடங்கு பிடுங்குகிற ஜாதி. இரண்டாவது, பேசக் கூப்பிட்டால் ஒரு கம்ப்யூட்டர் பொம்மைதான் பதில் சொன்னது. மூன்றாவது கம்பெனியில் ஓர் ஆள் எடுத்து, தமிழில் பேசட்டுமா தெலுங்கில் பேசட்டுமா என்று கேட்டான். அந்தப் படிவத்தைத் திறந்தேன். முதல் கட்டம், உரிமையாளர் பெயர்.

சரியாக அப்போது சம்பத் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா நகரிக்குப் போய்ட்டு வந்துச்சி. இந்த வருஷமும் தம்பிக்குத்தான் ராசியாம். அவன் பேர்லயே போட்டுடு."

கலைவாணி டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலை நம்பர பிளாக் பண்ண ஆளு பேர்லயாங்க?" என்றேன். "நான் என் பேர்ல போடறேன்."

"உன் ராசி நடுத்தரமாச்சே தாட்சாயணி," என்றார், பாவம், உண்மையான கவலையோடு.

"நடுத்தரம் போதும். ஜனங்க போன் பண்ணா எடுக்கறது நான்தான்."

அவர் மறுத்துப் பேசவில்லை. அம்மாவிடம் நானே சொல்லிக்கிறேன் என்றார். பதினேழு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் என் பேரை எழுத்தெழுத்தாக அடித்தேன். என் நம்பர். ரேஷ்மாவும் மற்றவர்களும் எழுதுகிற என் மெயில்.

கலைவாணி அந்தக் கோடு நம்பரைக் கொடுத்தாள், போட்டேன். ஐந்தாறு நாளில் மாறிவிடும் என்று வந்தது. கீழே இன்னொரு கட்டம் இருந்தது. உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் யாரை அணுகலாம், அவர் பெயரும் நம்பரும். மற்ற இரண்டு கம்பெனியிலும் அந்தக் கட்டத்தை நான் பார்க்கவில்லை. சம்பத் பேரை அடிக்கப்போன விரல் நின்றது.

"உன் நம்பரப் போடட்டுமா கலை?"

அவள் அடையாள அட்டையின் கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்தாள். டீக்குக் காசு கொடுக்கப்போன என் கையைத் தள்ளிவிட்டுத் தானே கொடுத்தாள். திரும்பி வந்து நின்றுகொண்டே கேட்டாள்.

"போடு. ஆனா நான் மெசேஜ் போட்டா திறந்து பாப்பியாக்கா?"