எல்லையில் நின்ற படை

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, கடையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைச் சட்டத்துக்குத் தகுந்தபடி அறுத்துத் தேய்க்கிற வேலை எனக்கு. அரை மில்லிமீட்டர் தவற விடமாட்டேன். வாய் மட்டும் அளவுக்கு நிற்காது.

தம்பியும் நானும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா மூச்சு இயந்திரத்தில் கிடந்த ஒன்பதாம் நாள், இனிப் பலனில்லை, எடுத்துவிடலாமா என்று டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எனக்காகக் காத்திருக்காமல் இவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் அத்தனை பேர் முன்னாலும், "அப்பாவைக் கொன்னுட்டியேடா பாவி!" என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். அதற்கப்புறம் என் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஆனால் போனில் ஆடுகிற விளையாட்டை மட்டும் இரண்டு பேருமே நிறுத்தவில்லை. ஆளுக்கொரு நாடு. ஊர் கட்டி, படை சேர்த்து, பக்கத்து நாட்டோடு சண்டையோ சமாதானமோ வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு முறைதான் ஆட்டம், அந்த முறைக்குள் எத்தனை காயை வேண்டுமானாலும் நகர்த்தலாம், அடிக்கலாம். அவன் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஆடுவான், நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். மிச்ச நாடுகளைக் கம்ப்யூட்டர் ஆடும். எங்கள் இருவருக்கும் கூட்டணி. மாதத்துக்கு ஒருதரம் அது காலாவதியாகும், அதற்குள் இருவரும் 'புதுப்பி' என்பதை அழுத்த வேண்டும். அவன் காலையில் அழுத்தியிருப்பான், நான் மதியம் அழுத்துவேன். இரண்டு வருடமாக எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். கடிதம் எழுதவும் அதில் வசதி உண்டு. நாங்கள் எழுதியதில்லை. கம்ப்யூட்டர் நாடுகள்தான் "குதிரை வேண்டுமா, இரும்பு வேண்டுமா" என்று நச்சரிக்கும். அதனால் தபால்பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

வெளியே சொல்லமாட்டேனே தவிர, அவன் புதுப்பித்த நாளில்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் இல்லையா? என்றைக்காவது இவன் என் வாசலில் வந்து நிற்பான் என்று அந்த ஒரு பொத்தானை வைத்துத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நானே போகலாமே என்றால், அதெப்படி? அக்கா நான். அவன்தான் வர வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் திறந்தால், கூட்டணி காலாவதி ஆகியிருந்தது. அவன் புதுப்பிக்கவில்லை. மறந்திருப்பான் என்று பார்த்தால், ஆற்றோரம் முழுக்க அவன் படை. நாலைந்து நாளாகவே அது நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வடக்கு நாட்டோடு ஏதோ தகராறு போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். இப்போது பதினெட்டுப் பிரிவும் என் எல்லையை ஒட்டி வரிசையாக நின்றன. அவன் தலைநகரில் காவலுக்கு ஒரு சிப்பாய்கூட இல்லை. அதுவே என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். எந்த மடையன் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுச் சண்டைக்கு வருவான்?

"என்ன, மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு?" என்றார் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த, கடையில் கண்ணுக்குப் பவர் பார்க்கிற அண்ணன்.

"என் தம்பி முதுகுல குத்த வந்துட்டான்."

"அந்த வெளையாட்டுலயா? அட, ஒரு போன் போட்டு என்னடான்னு கேட்டா முடிஞ்சது."

"நான் ஏன் கேக்கணும்? அன்னைக்கு அவன் என்னைக் கேட்டானா?"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

போர் அறிவித்தேன். இருந்த பீரங்கியை எல்லாம் ஆற்றங்கரைக்குத் திருப்பினேன். அவன் படை ஒவ்வொன்றாக அழிய அழிய எனக்கு வயிறு குளிர்ந்தது. "வாடா, வா" என்று வாய்விட்டே சொன்னேன். எட்டோ பத்தோ போன பிறகு ஒன்று உறைத்தது. ஒருத்தன்கூடத் திருப்பி அடிக்கவில்லை. அப்போதாவது கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பதினெட்டையும் முடித்தேன்.

முடித்ததும் திரையில் ஒரு வரி வந்தது: 'இணைப்புக் கோரிக்கை ரத்து. கோரிக்கை பெற்ற நாடு போர் அறிவித்துள்ளது.'

என்ன கோரிக்கை? தபால்பெட்டியைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, அன்று காலை அவன் எழுதியது இருந்தது.

"அக்கா, ரெண்டு நாட்டையும் ஒண்ணாக்கிடலாம். பழைய கூட்டணி முடிஞ்சாத்தான் இணைப்பு கேக்க முடியுமாம், அதான் புதுப்பிக்கல. படையை எல்லாம் உன் எல்லையில கொண்டாந்து ஒப்படைக்கணுமாம். எடுத்துக்கோ. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?"

அன்று மதியத்துக்கு மேல் மூன்று லென்ஸை வீணாக்கினேன். சாயங்காலம் கடை வாசலிலேயே நின்று அவனுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவன் மனைவி.

"நீங்க அடிச்சது மதியமே அவர் போனுக்கு வந்துடுச்சு. பக்கத்துலதான் இருக்காரு அண்ணி. பேச மாட்டேங்கறாரு."

"நான் லெட்டரைப் பாக்கவே இல்லைன்னு சொல்லும்மா. சத்தியமா பாக்கலை."

அந்தப் பக்கம் முணுமுணுப்புக் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"சொன்னேன் அண்ணி. 'அக்கா அன்னைக்கும் என்னன்னு கேக்கல, இன்னைக்கும் கேக்கல. எனக்குப் போதும்'னு சொல்றாரு."

"போனைக் குடும்மா அவன்கிட்ட. ஒரே நிமிஷம்."

"எழுந்து உள்ள போயிட்டாரு அண்ணி."

மறுநாள் அவன் விளையாட்டைவிட்டு விலகியிருந்தான். அவன் நாட்டை இனிக் கம்ப்யூட்டர் ஆடும் என்று அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒருவேளை வந்தாலும் வருவான் என்று வீட்டைக் கூட்டித் துடைத்து, வாசற்கதவைத் திறந்தே வைத்திருந்தேன். ஆறு மணிக்குச் சாத்தினேன். அப்பா விஷயத்தில் இரண்டு வருடமாகச் சொல்லாததை அவனிடம் சொல்லிவிடலாம் என்று போனில் எழுதி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை, என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறான்.

திங்கட்கிழமை மதியம் அவன் நாடு சமாதானம் கேட்டு, கூட்டணியும் கேட்டது. கம்ப்யூட்டருக்கு ஏது ரோஷம்? நேற்று அடித்தவளிடம் இன்று கை நீட்டும். சரி என்று அழுத்தினேன். அழுத்திவிட்டு, தம்பிக்குப் போகாததை அந்த நாட்டுக்கு எழுதினேன். பார்க்க ஆளில்லை என்று தெரிந்தேதான் எழுதினேன்.

"நீ செஞ்சது சரிதான்டா. அப்பா வலியில கெடந்தாரு. நான் வந்திருந்தா எனக்குக் கையெழுத்துப் போடத் தைரியம் வந்திருக்காது. அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

'தங்கள் நட்புக்கு நன்றி' என்று அந்த நொடியே பதில் வந்தது. அவன் பெயரில்தான் வந்தது.