ஏழாவது துளை

சொட்டுவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் எதிர்க்கடை லேத்காரர். ஐம்பது அறுபது வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஊரில் எங்கே ஆயில் ஒழுகினாலும் கடைசியில் அவனிடம்தான் வந்து நிற்கும். அவனும் முகம் சுளிக்காமல் வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, சொட்டு எங்கிருந்து விழுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பான். ஒரு நாள் முழுக்க ஆனாலும் பார்ப்பான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு வழி காட்டத் தெரியாது.

அப்பேர்ப்பட்டவனுக்கும் தண்ணி காட்டிய வண்டி ஒன்று இருந்தது. அது மனைவியின் தம்பியுடையது. மச்சினன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். வண்டியை நிறுத்திய இடமெல்லாம் கறுப்பாக ஒரு வட்டம் விழும். தலைமையாசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தகரத் தட்டையே கொடுத்துவிட்டார். சொட்டு இரண்டு முறை பிரித்து மாட்டினான். முதல் முறை இன்ஜினுக்கும் மூடிக்கும் இடையில் வைக்கிற தாள் பேக்கிங்கைப் புதிதாக வெட்டிப் போட்டான். பத்து நாளில் ஒழுகியது. அடுத்த முறை பேஸ்டை அள்ளி அப்பினான்; மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. சொந்தபந்தம் கூடுகிற இடத்தில் யாராவது ஒருத்தர், வீட்டு மாப்பிள்ளை வைத்தியம் வீட்டு வண்டிக்குப் பலிக்கவில்லை போல என்று ஆரம்பித்துவிடுவார்கள். சொட்டுவும் கூடச் சேர்ந்து சிரிப்பான். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

மூன்றாவது தடவைதான் மூல காரணம் பிடிபட்டது. இன்ஜினின் வலது பக்க மூடியை எந்தக் காலத்திலோ யாரோ ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பிக் கழற்றியிருக்கிறார்கள். மூடியின் முகம் நடுவில் ஒரு மயிரிழை வளைந்திருந்தது. அப்புறம் எந்த பேக்கிங் போட்டு என்ன பிரயோஜனம். தடிக் கண்ணாடிமேல் எமரி காகிதத்தை ஒட்டி, மூடியைக் கவிழ்த்து வைத்து, இரண்டு நாள் தேய்தேயென்று தேய்த்து மட்டமாக்கினான். தேய்க்கிற தூள் உள்ளே போகாமலிருக்க, மூடியிலிருந்த ஆயில் துளையில் முன்கூட்டியே கிரீஸை அடைத்து வைத்திருந்தான். மிளகு அளவுத் துளை. பம்ப் தள்ளுகிற ஆயில் அது வழியாகத்தான் இன்ஜினின் நடுத்தண்டுக்குப் போயாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் மாட்டிப் பத்து நிமிஷம் ஓட விட்டான். ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான். ஆயில் திரும்பி வந்து விழுந்துகொண்டிருந்தது. கீழே விரித்த செய்தித்தாள் காய்ந்தே கிடந்தது. டிராயிங் மாஸ்டர் மண்டியிட்டு, மூடியின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, காய்ந்த விரலை ஒன்பது வயது மகளிடம் நீட்டிக் காட்டினார். எல்லாரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அந்த விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, மாமா பாஸ் என்றாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பாவும் மகளும் கிளம்பிப் போனார்கள். வாலுவின் அம்மா மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாற்றலாகி ஆறு மாதம். வழக்கமாக பஸ்ஸில்தான் பார்க்கப் போவார்கள். இந்த முறை பைக்கில்தான் என்று வாலு ஒற்றைக் காலில் நின்றாள்.

அவர்கள் போய் ஒரு மணி நேரம் கழித்து சொட்டு மேஜையைத் துடைத்தான். பேக்கிங் வெட்டிய இடத்தில் பஞ்ச் அடித்து விழுந்த காகித வட்டங்கள் கிடந்தன. கையில் வழித்து எடுத்தான். ஒரே அளவில் ஆறு வட்டம், ஆறு போல்ட்டுக்கு. குப்பையில் போடப் போனவன் கை அப்படியே நின்றது. ஆயில் துளைக்கு வெட்டிய சின்ன வட்டம் ஒன்று இருக்க வேண்டுமே.

மேஜைக்கடியில் பார்த்தான். டார்ச் அடித்துச் சுவரோரம் பார்த்தான். மிளகளவு காகிதம், காற்றில் எங்காவது பறந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பழைய பேக்கிங் தூள்தூளாகப் பிய்ந்து வந்ததால் அதை வைத்து அளவெடுக்க முடியவில்லை. மூடியின்மேல் தாளை வைத்து, விளிம்பைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் அச்செடுத்திருந்தான். துளையில்தான் கிரீஸ் அடைத்திருந்ததே. அந்த இடத்தில் அச்சு எப்படி விழுந்திருக்கும்? கிரீஸை எடுத்தது நினைவிருந்தது. எடுத்த பிறகு தாளில் துளை போட்டோமா? எவ்வளவு யோசித்தும் அந்த இடம் மட்டும் மூளையில் வெற்றாக இருந்தது.

சின்ன பஞ்ச் இருக்கிற டப்பாவைத் திறந்தான். போன மாதம் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய்த் தாளில் சுற்றி நூல் கட்டி வைத்திருந்தான். கட்டிய முடிச்சு கட்டியபடியே இருந்தது.

நேற்று டேங்கில் திரும்பி வந்து விழுந்த ஆயில் இன்ஜின் அடியில் ஏற்கெனவே தேங்கிக் கிடந்தது, அவ்வளவுதான். நடுத்தண்டுக்கு ஒரு பொட்டுகூடப் போயிருக்காது. ஒட்டியிருக்கிற பழைய ஈரத்தில் இன்ஜின் கொஞ்ச தூரம் ஓடும். எவ்வளவு தூரம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரம் வற்றினால் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறிக் கவ்விக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் பின் சக்கரம் செத்து நிற்கும்.

போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மாஸ்டர் போனைப் பைக்குள் போட்டு வண்டியின் பின்னால் கட்டிவிடுவார் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி மறுபடி அடித்தான்.

மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவள். லீவு நாளாகையால் வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் ஓடி வந்த விதத்தைப் பார்த்ததுமே குழாயை மூடினாள்.

"பேக்கிங்ல ஒரு ஓட்டை போட மறந்துட்டேன்," என்றான்.

"அதனால?"

"இன்ஜினுக்கு ஆயில் போகாது. கொஞ்ச தூரம் நல்லா ஓடும். அப்புறம் பட்டுனு பூட்டிக்கும். சக்கரத்தோட."

அவள் அவனைத் திட்டவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"பாப்பா பின்னாடிதான உக்காந்திருக்கா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் ஏறி வேனைக் கிளப்பினாள்.

அவள் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தான். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஆமை மாதிரி போகிறவள், அன்றைக்கு லாரிகளைத் தாண்டித் தாண்டிப் போனாள். பின்சீட்டுக்கடியில் எந்தப் பிள்ளையோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிக்கு உருண்டது. நர்ஸுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டான். அவள் வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருப்பாள், சொல்லி என்ன செய்யப் போகிறாள், கை நடுங்குவதுதான் மிச்சம் என்றாள் மனைவி. சற்றுத் தூரம் போனபின், சொல்லாமல் இருப்பதும் தப்புதான் என்றாள். இரண்டு பேரும் போன் செய்யவில்லை.

மலை அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தி விசாரித்தார்கள். பழைய பைக், பின்னால் சின்னப் பெண். கடைக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. பாப்பா இரண்டு பன் சாப்பிட்டதாம், வண்டி பளபளவென்று இருந்ததாம், போய் அரை மணி நேரம் இருக்குமாம். அவர் மெல்ல மெல்லச் சொல்லி முடிப்பதற்குள் சொட்டுவுக்கு உயிர் போய் வந்தது.

ஏழாவது வளைவில் கூட்டம். வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தார். சொட்டு கதவைத் திறக்கக் கைப்பிடியில் கை வைத்தான். கை வைத்ததுதான். இறங்கவில்லை. மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். தானே இறங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். அவள் முதுகு மறைந்ததிலிருந்து திரும்பி வரும்வரை, கண்ணாடியில் ஒட்டியிருந்த பள்ளிக்கூடப் பெயரில் எத்தனை எழுத்து என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி எண்ணித் தப்பானது.

"செங்கல் லாரி சாஞ்சிருக்கு," என்று ஏறினாள். "நம்ம ஆளுங்க இல்ல."

போலீஸ்காரர் வழி விட்ட பிறகு, ரோடு உச்சியைத் தொட்டு ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்ப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முழங்கால் உயரக் கல்வரிசை, அதற்கப்பால் மரங்களின் தலை மட்டும் தெரிகிற பள்ளம். ஒரு திருப்பத்தில் ரோட்டின் நடுவிலிருந்து கறுப்பாக ஒரு கோடு கிளம்பிப் பாம்பு மாதிரி நெளிந்து போயிருந்தது. ரப்பர் தேய்ந்த தடம். பள்ளத்துப் பக்கம் போய், கல்வரிசைக்கு ஒரு முழம் முன்னால் வளைந்து, எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

அங்கே பாறையோரம் பைக் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். வாலுவின் முழங்கையைச் சுற்றி அப்பாவின் கைக்குட்டை. மாஸ்டரின் பேண்ட் முட்டியில் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. வேனைப் பார்த்ததும் வாலு அழ ஆரம்பித்தாள். அதுவரை அழாமல்தான் இருந்தாளாம்.

நடந்ததை மாஸ்டர் சொன்னார். இறக்கத்தில் வந்துகொண்டிருக்கும்போது வாலுதான் முதலில் கேட்டிருக்கிறாள், அப்பா, வண்டி பல்லைக் கடிக்குது என்று. அவருக்கும் கேட்டது. சரி, ஓரம் கட்டிப் பார்ப்போம் என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பாதி வேகம் குறைவதற்குள் சக்கரம் பூட்டிக்கொண்டது. எப்படி கிளட்சைப் பிடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பிடித்ததும் சக்கரம் விட்டது, வண்டி பாறைப் பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் என்று சொல்ல வந்தவர் மகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"என் தப்புதான் மச்சான்," என்றார். "ஏத்தத்துல ரொம்ப விரட்டிட்டேன். ரெண்டு நாள் கஷ்டப்பட்டு ஒரு சொட்டு இல்லாம செஞ்சு குடுத்தீங்க. நான் கெடுத்துட்டேன்."

சொட்டு மனைவியைப் பார்த்தான். அவள் வாலுவின் கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல மாட்டாள். இன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்கும் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. பழைய இரும்பு, ஏற்றத்தில் சூடாகிவிட்டது. ஊர் நம்பும். மச்சினன் ஏற்கெனவே நம்பிவிட்டார். தலையை மட்டும் ஆட்டினால் போதும். வழியெல்லாம் கூடவே வந்த பயம் போய் இப்போது வேறொரு பயம் வந்தது.

"நீங்க விரட்டல மாப்ள," என்றான். "ஆயில் போற ஓட்டையை நான் போடவே இல்ல. அடைச்சு மூடிட்டேன். நீங்க போன பிறகுதான் தெரிஞ்சுது. அதான் ஓடி வந்தோம்."

மாஸ்டர் எழுந்து மகளைத் தூக்கி வேனில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினார். திரும்பாமலே சொன்னார்:

"இவ அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே சொன்னான். நர்ஸ் கையில் மருந்துத் தட்டோடு கேட்டாள். குரல் உயர்த்தவில்லை. எக்ஸ்ரேயில் முழங்கை எலும்பில் மெல்லிய விரிசல் தெரிந்தது, மாவுக்கட்டு மூன்று வாரம். கட்டுப் போடும்போது வாலுவின் இன்னொரு கையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நர்ஸ் புருஷனைக் கூப்பிடவில்லை, நாத்தனாரையும் கூப்பிடவில்லை. சொட்டுவைக் கைகாட்டி உள்ளே வரச் சொன்னாள். குழந்தை வலியில் அவன் விரல்களை நெரித்த நெரிப்பு இரண்டு நாளைக்கு வலித்தது.

பைக்கை லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மூடியைக் கழற்றினான். பேக்கிங் தாளில் சுற்றிவர ஆறு துளை. ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில், பம்ப் தள்ளிய ஆயில் முட்டி முட்டித் தாள் கொப்புளம் மாதிரி உப்பியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவனை லேத்காரர் வந்து தோளைத் தொட்டுத்தான் உட்காரவைத்தார்.

நடுத்தண்டையும் பேரிங்கையும் மாற்றி முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. வேலை முடிந்தும் அவன் மச்சினனைக் கூப்பிடவில்லை. தினமும் காலையில் தானே எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஓட்டிப் பார்த்தான். சங்கிலி சலசலத்தாலும் சரி, சரளைக்கல் தெறித்தாலும் சரி, நெஞ்சு திக்கென்றது. இடது கை விரல் இரண்டு கிளட்சை விட்டு இறங்கவே இல்லை. பத்தாம் நாள் மனைவி வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். போகலாம் என்றாள். போய்வந்து இறங்கியபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கடைசியில் மாஸ்டர் தானாகவே வந்தார். ஒழுகுகிறதா என்று கேட்கவில்லை.

"கழட்டிக் காட்டுங்க மச்சான்," என்றார்.

நன்றாக ஓடுகிற இன்ஜினின் மூடியை அவன் மறுபேச்சில்லாமல் கழற்றினான். மாஸ்டர் குனிந்து ஒவ்வொரு துளையாக எண்ணினார். சட்டைப் பையிலிருந்த பென்சிலின் கூரைச் சின்னத் துளையில் விட்டு எடுத்தார். புது பேக்கிங் வெட்டி மறுபடி மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். வாலு எப்படி இருக்கிறாள் என்று சொட்டு கேட்டான். கை சரியாகிவிட்டது, பைக் சத்தம் கேட்டால்தான் உள்ளறைக்குப் போய்விடுகிறாள் என்றார். அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார்.

பிறகு தனியாக வண்டியில் ஏறி உதைத்துக் கிளப்பினார். தெரு முனையில் திரும்பி மறைந்தார். சொட்டு கடை வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். பஸ் ஒன்று குறுக்கே போனபோது சத்தம் அமுங்கியது. அவன் மூச்சு நின்றது. பஸ் கடந்தபின் தூரத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம், மறுபடி கேட்டது. அது முழுக்கத் தேய்ந்து போன பிறகும் அவன் உள்ளே போகவில்லை.