வெள்ளியங்கிரி தூங்க வைக்கிறார்

1

இந்தக் கதை வயிற்றின்மேல் ஈரமண் பட்டியோடு படுத்திருந்தபோது எனக்குக் கிடைத்தது. வருடம் 1984, ஊர் திருச்செங்கோடு. மலச்சிக்கலுக்காக (இதை எழுதலாமா? எழுதியாகிவிட்டது) ஓர் இயற்கை மருத்துவ நிலையத்தில் மல்லாந்து கிடந்தேன். பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

“கால் வெரலு தளருதுங்க! மொழங்காலு தளருதுங்க!”

தளரவில்லை. எனக்கு இரண்டு காலும் விறைத்துக்கொண்டன. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வெள்ளியங்கிரி. இனிமேல் கதை அவருடையது. நான் நடுநடுவே மூக்கை நுழைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “கொங்கு மண்ணில் கதிரவன் தன் பொற்கரங்களை” — வேண்டாம். வெள்ளியங்கிரி படித்தால் சிரிப்பார், அந்தச் சிரிப்பை ஊர் தாங்காது.

இரண்டாவது: வெள்ளியங்கிரி ரிக் லாரியில் வடநாட்டில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். வருடக்கணக்கில் காதைக் கிழிக்கும் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று பேசியதில், அவர் காதோடு சொல்லும் ரகசியம் நாலு தெருவுக்குக் கேட்கும். நாற்பது வயதைத் தாண்டியபின் இந்த நிலையத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். கற்றுக்கொடுத்த ஷஃபியுல்லாவுக்கு இருபத்தாறு வயது. மாணவரை அவர் அண்ணா என்பார். மாணவர் அவரை மாஸ்டர் என்பார்.

ஏன் சேர்ந்தார்? தீபாவளிக்கு வடக்கேயிருந்து ஊர் திரும்பியவரைக் கண்டதும் அவருடைய நான்கு வயது மகள், தாய் சௌந்திரத்தின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“அம்மா, இந்த மாமா எப்பப் போவாங்க?”

சௌந்திரம் சிரித்து மழுப்பினாள். வெள்ளியங்கிரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. (இங்கே ஓர் உவமை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவருக்கு வலித்தது, அவ்வளவுதான்.)

தை பிறந்ததும் ரிக் மறுபடி வடக்கே கிளம்பும். அதற்குள் தேறினால் நிலையத்திலேயே வேலை, தினமும் வீடு. தேறாவிட்டால் லாரி.

3

கைவேலை அவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. மண் பட்டி, இடுப்புக் குளியல், எண்ணெய் தேய்ப்பு எதிலும் குறையில்லை. வம்பெல்லாம் கடைசியில் வரும் ஓய்வுப் பயிற்சியில்தான். நோயாளியைப் படுக்கவைத்து, பேச்சாலேயே உடம்பைத் தளர்த்தித் தூங்க வைக்க வேண்டும்.

“அண்ணா, மெதுவா.”

“மெதுவாத்தானுங்க மாஸ்டர் பேசறேன்!”

ஜன்னலில் இருந்த புறா பறந்தது.*

* புறாவை நான் சேர்த்தேன். அடுத்து வருகிற பேங்க் மேனேஜரைச் சேர்க்கவில்லை.

கண்மேல் மண் பட்டியோடு அந்த மனிதர் அரைத்தூக்கத்தில் இருந்தார். வெள்ளியங்கிரி குனிந்து, தன்னால் முடிந்தவரை அன்பாக, “நெஞ்சு தளருதுங்க!” என்றார். மேனேஜர் துள்ளியெழுந்து, கண்ணில் மண்ணும் இடுப்பில் துண்டுமாக எதிர் டீக்கடை வரைக்கும் ஓடிவிட்டார்.

ஷஃபியுல்லா சுவரைப் பார்த்துத் திரும்பிச் சிரித்து முடித்துவிட்டு வந்தார். “உங்க கை பட்டா தூங்கறாங்க. வாயத் தொறந்தா ஓடறாங்க.”

“அப்ப வாய மூடிக்கிட்டே செய்யட்டுங்களா?”

“நம்ம வைத்தியத்துல பாதி பேச்சுதாங்கண்ணா. முழிச்சிருக்கற ஒருத்தரப் பேசியே தூங்க வைங்க. அன்னிக்கு நீங்க தேறிட்டீங்க.”

4

பரீட்சைக்கு யாரைப் படுக்க வைப்பது? லாரி டிரைவர் சின்னண்ணனை வைத்து எழுதினேன். அவர் தலை சாய்ந்ததுமே குறட்டை விட்டார். வெள்ளியங்கிரி வாயே திறக்கவில்லை. “இது செல்லாதுங்கண்ணா” என்றார் ஷஃபியுல்லா.

பிறகு இன்னொரு ரிக்காரரை வைத்தேன். கம்ப்ரசர் இரைச்சலில் தூங்கிப் பழகியவர். வீட்டு அமைதியில் தூக்கம் வராமல் தவித்தவர், வெள்ளியங்கிரி கத்தக் கத்தக் குழந்தையாகத் தூங்கிப்போனார். அழகான முடிவு. அதனாலேயே கிழித்தேன். இவ்வளவு வசதியாக வந்து சேருகிற நோயாளியை நான் நம்புவதில்லை.

தேறாத வெள்ளியங்கிரியை லாரியிலும் ஏற்றிப் பார்த்தேன். “வண்டி நகர்ந்தது. மகள் கையை” — அதற்குமேல் எழுத வரவில்லை.

5

ஆக, இப்போது பாய் விரித்திருக்கிறது. அதில் ஆள் இல்லை. ஷஃபியுல்லா கையைக் கட்டி நிற்கிறார். வாசலில் சௌந்திரம். அவள் சேலையை விலக்கி எட்டிப் பார்க்கிறாள் மகள். வெள்ளியங்கிரி திரும்பி உங்களைப் பார்க்கிறார்.

“ஏனுங்க, படிக்கறவீங்களே... செத்த நேரம் படுங்க சாமி.”

இதில் எனக்கொரு சங்கடம் இருக்கிறது. நீங்கள் தூங்கிப்போனால் அவர் தேறிவிடுவார். ஆனால் வாசகரைத் தூங்க வைத்த எழுத்தாளன் என்று என் மானம் கப்பலேறும். நீங்கள் கண் கொட்டாமல் படித்து முடித்தால் எனக்குப் பெருமை, அவருக்கு லாரி.

நிறைய யோசித்தேன். அந்தக் குட்டிப் பெண் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். என் பெயர் எக்கேடாவது கெடட்டும். படுத்துக்கொள்ளுங்கள். அவர் குரல் கொஞ்சம் பலமாகத்தான் இருக்கும், எழுந்து ஓடிவிடாதீர்கள். கொட்டாவி வந்தால் எனக்காக அடக்க வேண்டாம்.