கரண்ட் போய்ச் சேரும் நேரம்

இந்தப் பேட்டைக்கு ஒளி தந்த சூரியன் இன்று அஸ்தமித்தது. அவர் இல்லையேல் இங்கே விளக்கும் இல்லை, பசுமையும் இல்லை. பூங்கா வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் அப்படித்தான் சொன்னது. அதன் கீழே, ஸ்ரீகண்டனை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். கேட் பூட்டியிருந்தது.

"சாவி எங்கப்பா? வெயிட்டு தாங்கல," என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் க்ளென். அவர் தூக்கவில்லை. பெட்டியின் மேல் ஒரு கையை மட்டும் வைத்திருந்தார்.

சாவி ஷோபாவின் இடுப்பில் இருந்தது. இறந்தவரின் மருமகள். எதிர்வீட்டுப் படியிலிருந்து இறங்கி வந்தாள். கேட்டைத் தோளால் முட்டித் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு திறக்கும். அந்தப் பக்குவம் அவளுக்கு மட்டுமே தெரியும். துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் முட்டினாள்.

"புல்லு மேல வைக்கலாமா?" என்று யாரோ கேட்டார். எல்லோரும் பழக்க தோஷத்தில் பெட்டிக்குள் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. வைத்தார்கள்.

மின்மயானத்தில் இருட்டிய பிறகுதான் முறை வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை பொதுப் பூங்காவில் பொதுமக்கள் அஞ்சலி. பொதுமக்களில் பலர் அன்றுதான் முதல் தடவையாக உள்ளே வந்தார்கள். இதே லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்த மௌரீன் ஆன்ட்டி, "ஏ, உள்ள பெஞ்சு எல்லாம் இருக்குதே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

க்ளென் மைக்கைப் பிடித்தார்.

"இந்த எடம் ஒரு காலத்துல என்ன? குட்டை. எருமை குளிச்சிட்டிருந்திச்சு. ஒருத்தன் மண்ணைக் கொட்டி சைட் போட்டு விக்கப் பாத்தான். நம்ம சார் விட்டாரா? கோர்ட்டுக்குப் போனார். இது பப்ளிக் சொத்துன்னு ஆர்டர் வாங்கினார்!"

ஆர்டர் வாங்கிய மறுநாள், பப்ளிக் உள்ளே புகுந்து பப்ளிக் சொத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று பூட்டும் வாங்கினார். க்ளென் அதைச் சொல்லவில்லை.

"ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு ஸ்ட்ரீட் லைட் கொண்டாந்தார். அன்னிலேர்ந்து சாயங்காலம் லைட் போட சார் ஒரு நாளாச்சும் மறந்தது உண்டா?"

இல்லைதான். பொழுது சாயும்போது டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஷோபா, லைட்டு," என்பார். ஒரு நாளும் மறந்ததில்லை.

சுவிட்ச் பூங்காவுக்குள், அவர் பெயர் பொறித்த கல்லுக்குப் பின்னால் ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தது. கல்யாணமாகி வந்த வாரமே அந்த வேலை ஷோபாவிடம் வந்தது. மாலையில் போட வேண்டும், விடிந்ததும் அணைக்க வேண்டும். பிரேசர் டவுனில் இருக்கும் பிறந்த வீட்டில் அதற்கப்புறம் அவள் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. கணவன் சுனிலிடம் ஒருநாள் போடச் சொன்னதற்கு, "எனக்கு ஆபீஸ் இருக்கில்ல," என்றான். ஞாயிற்றுக்கிழமைதான் அப்படிச் சொன்னான்.

பெட்டியின் தலைமாட்டில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஷோபா. அவளை ஒட்டி மகள் அனன்யா, மடியில் கைக்குழந்தை. அத்திபெலேயில் இருக்கும் புகுந்த வீட்டிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள்.

"காரியம் முடிஞ்சதும் உன்கூட வந்துடறேன்டி. மூணு மாசம் இருக்கேன்," என்றாள் ஷோபா மெதுவாக.

"நீயா? உனக்குத்தான் லைட்டு இருக்கே."

"இல்லடி, இனிமே..."

"என் ரிசப்ஷன் ஆல்பத்துல அம்மா எங்கன்னு என் மாமியார் இன்னும் கேக்கறாங்கம்மா."

ஷோபா குழந்தையின் காலைத் தடவினாள். வரவேற்பன்று மேடையிலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்து வந்து விளக்கைப் போட்டுவிட்டு அவள் திரும்புவதற்குள் குடும்பப் படம் எடுத்து முடித்திருந்தார்கள்.

அதற்கு முந்தின வருஷம்தான் பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டுப் புது வெள்ளை விளக்குகள் மாட்டினார்கள். அதே சமயம் மாமா தன் பெயர்க்கல்லுக்கு மேல் ஒரு ட்யூப்லைட்டும் போட வைத்தார். அது முதல், சுவிட்சைத் தட்டினால் ட்யூப் உடனே எரியும். தெரு விளக்குகள் ஆற அமரத்தான் வரும். ஏன் என்று மாமாவிடம் கேட்டாள்.

"கல்லு பக்கத்துல இருக்குதும்மா. கம்பமெல்லாம் தூரம். கரண்ட் போய்ச் சேர வேணாமா?"

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். அது போக, காவேரித் தண்ணீரும் வால்வுக்குப் பக்கத்து வீட்டில் முதலிலும் இவர்கள் வீட்டில் கடைசியிலும்தானே வருகிறது. ஷோபா நம்பினாள்.

"ஆகவே," என்றார் க்ளென், "சாரோட பேர் சொல்ற மாதிரி, சாவியும் லைட்டும் இனிமே பர்மனென்ட்டா அந்தக் குடும்பத்துக்கிட்டயே இருக்கும்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு. ஷோபா மேடம், அந்தச் சாவியை சொல்ப இப்படிக் கொடுங்க."

கொடுத்தாள். அதை மாலையோடு சேர்த்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். சாவு வீடு என்பதை மறந்து யாரோ கைதட்டினார்கள்.

சுனில் அவள் பக்கம் குனிந்தான். "அப்பா பேர் கெட்டுடக் கூடாது ஷோபா."

அனன்யா குழந்தையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. ஷோபாவின் வலது கை தானாகச் சேலை நுனியை முறுக்கியது. எழுந்து போனால் முடிந்தது; ஆயுசுக்கும் போட வேண்டியதுதான். போகாவிட்டால் ஊரே இருட்டில் நிற்கும். கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"லைட் போடலியாம்மா?" என்றாள் மௌரீன் ஆன்ட்டி.

"இன்னிக்கு வேற யாராச்சும் போடட்டும் ஆன்ட்டி."

கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. க்ளென் தன் போனின் டார்ச்சைத் தேடினார்.

அப்போது தெருக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாக எல்லா விளக்குகளும் எரிந்தன.

"பாத்தீங்களா! சார் எங்கயும் போகல!" என்று மைக்கில் கத்தினார் க்ளென். கூட்டம் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டது. மௌரீன் ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஷோபா கும்பிடவில்லை. தெரு முழுக்க வெளிச்சம். பெயர்க்கல் மட்டும் இருட்டில் இருந்தது.

எழுந்தாள். பெண்களின் கால்களைத் தாண்டிக் கல்லுக்குப் பின்னால் போய் சுவிட்சைப் போட்டாள். கல்லின் மேலிருந்த ட்யூப் எரிந்தது. அணைத்தாள். அது அணைந்தது. தெரு விளக்குகள் அதைக் கண்டுகொள்ளவேயில்லை.

திரும்பி வந்து சுனிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"புது லைட்டெல்லாம் தானா எரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

சுனில் பெட்டியின் மேல் நேராகவே கிடந்த மாலையை நேராக்கினான்.

சாவியை அவன் கையில் வைத்துவிட்டு அனன்யாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

வரவேற்பன்று ஆட்டோ பிடித்து வந்து அவள் போட்டுவிட்டுப் போனது அந்த ஒரு ட்யூப்பைத்தான்.